ஸ்டாண்டலோன் ஈசியூ: தேர்வு செய்வது முதல் டியூனிங் முடிப்பது வரை

கம்பெனி ஈசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, நாமே முழுக்க அமைக்கக்கூடிய ஸ்டாண்டலோன் ஈசியூவைப் போட நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த பிராண்ட் நல்லது என்பதுதான். நான் பார்த்த வரையில் ஒரு வண்டி ஒழுங்காக ஓடுவதும் ஓடாததும் பிராண்டைப் பொறுத்து அமைந்தது மிகக் குறைவு. ஈசியூவுக்கு இன்ஜின் கண்ணில் தெரியாது. கிராங்க் எந்த டிகிரியில் நிற்கிறது, காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, இன்ஜெக்டர் ஒரு மில்லிவினாடியில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கும் என்று நாம் சொல்வதை அது அப்படியே நம்பும். நாம் சொன்னது தப்பு என்றால் எந்தப் பெட்டியாக இருந்தாலும் தப்பான கணக்கைத்தான் போடும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் மேப்பை (பெட்ரோல், டைமிங் எண்கள் அடங்கிய அட்டவணைகளை) திருத்தும் வேலையைவிட, அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## ஸ்டாண்டலோன் உண்மையில் தேவையா?

ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் மட்டும் மாற்றிய வண்டிக்குத் தேவையில்லை. கம்பெனி ஈசியூவுக்குள் இருக்கும் மேப்பையே திருத்தி எழுதும் ரீமேப் போதும். ஏபிஎஸ், மீட்டர், ஏசி, இம்மொபிலைசர் எல்லாம் முன்புபோலவே வேலை செய்யும். உறைபனிக் குளிரில் ஸ்டார்ட் ஆவது, கடும் வெயிலில் டிராஃபிக்கில் நிற்பது, உயரமான மலையில் ஏறுவது என்று உற்பத்தியாளர் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சேர்த்த திருத்தங்களும் கையைவிட்டுப் போகாது. அதையெல்லாம் நாமே புதிதாக உருவாக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிகிபேக் என்று ஒரு வகை உண்டு. சென்சாருக்கும் கம்பெனி ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலை மாற்றிக் காட்டும். இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெரிய இன்ஜெக்டர் போட்டுவிட்டு, பெட்ரோலைக் குறைப்பதற்காகக் காற்று அளவைக் குறைத்துக் காட்டினால், இன்ஜினில் லோடு குறைவாக இருப்பதாகக் கம்பெனி ஈசியூ நினைத்துக்கொள்ளும். லோடு குறைவென்றால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் கொடுக்கும் நேரத்தை, முன்னால் தள்ளும். உண்மையில் லோடு அதிகம். முடிவு நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. டர்போ வண்டியில் இது பிஸ்டனையே உடைத்துவிடும்.

ஸ்டாண்டலோன் கட்டாயமாகும் இடங்கள் தெளிவானவை: கார்புரேட்டர் இன்ஜினை இன்ஜெக்ஷனுக்கு மாற்றும்போது, டர்போ இல்லாத இன்ஜினுக்கு டர்போ வைக்கும்போது, வேறு வண்டியின் இன்ஜினைத் தூக்கி வைக்கும்போது, சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் வைக்கும்போது, கம்பெனி ஈசியூவைத் திறக்கவே வழியில்லாதபோது. இதிலும் இரண்டு வகை. பழைய கனெக்டரிலேயே நேராகச் சொருகும் பிளக்-இன், முழு வயரிங்கையும் புதிதாகப் போடும் வயர்-இன். உங்கள் மாடலுக்கு பிளக்-இன் கிடைத்தால் அதையே எடுங்கள். இந்த வேலையில் வருகிற தொல்லைகளில் பெரும்பங்கு வயரிங்கில்தான் பிறக்கிறது.

பொதுச் சாலையில் ஓடும் வண்டியானால், அது பதிவான இடத்தின் புகை விதிகளை முதலில் படித்துவிடுங்கள். பல இடங்களில் சாலை வண்டியின் இன்ஜின் கட்டுப்பாட்டை இப்படி மாற்ற அனுமதி இல்லை. புகைச் சோதனையில் டயக்னாஸ்டிக் போர்ட் மூலம் கேட்கப்படும் தகவல்களை ஸ்டாண்டலோன் பலவற்றால் தரவும் முடியாது.

## தேர்வு: முதலில் காகிதத்தில் எண்ணுங்கள்

விளம்பரத்தைப் பார்க்குமுன் ஒரு தாளில் உங்கள் இன்ஜினுக்கு வேண்டிய அவுட்புட்களை எழுதுங்கள். நாலு சிலிண்டர் டர்போ, முழு சீக்வென்ஷியல் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதன் முறை வரும்போது தனியாகப் பெட்ரோலும் ஸ்பார்க்கும்) என்று வைத்துக்கொள்வோம். இன்ஜெக்டர் 4, காயில் 4, பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) சாலினாய்டு 1, ஐடில் வால்வ் 1, பெட்ரோல் பம்ப் ரிலே 1, ஃபேன் ரிலே 1, கேம் டைமிங் சாலினாய்டு 1, டேக்கோமீட்டர் 1. மொத்தம் 14. ஐடில் வால்வ் ஸ்டெப்பர் வகையாக இருந்தால் அதற்கு மட்டுமே 4 போய்விடும். எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் அதன் மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் தனி டிரைவர் வேண்டும். பெடலிலும் த்ராட்டிலிலும் இரட்டை சென்சார்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் த்ராட்டிலை மூடும் பாதுகாப்பும் அந்த ஈசியூவுக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. த்ராட்டில் திறந்தபடி மாட்டிக்கொண்டால் உயிர் போகும்.

அடுத்து இன்புட்கள். உங்கள் கிராங்க் சக்கரத்தில் எத்தனை பல்? போஷ் வழியில் வந்த பல இன்ஜின்களில் 60-2, அதாவது 60 பல் இடைவெளியில் 2 பல் இல்லை. 36-1 வகையும் ஏராளம். ஜப்பானிய இன்ஜின்கள் பலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளோ கேமிலோ அமைந்த வேறு வடிவங்கள் இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் ஈசியூ அந்த வடிவத்தை ஏற்கும் என்று அதன் ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

காற்று-பெட்ரோல் கலவையை அளவிட வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்கான கன்ட்ரோலர், நாக் சென்சார் இன்புட், ஆயில் அழுத்தம், பெட்ரோல் அழுத்தம் இரண்டுக்கும் உதிரி அனலாக் இன்புட், கேன் பஸ் (மற்ற மின்னணுப் பெட்டிகளோடு தகவல் பரிமாறும் இணைப்பு), ஓடும்போதான அளவுகளை உள்ளேயே லாக்காகப் பதிவு செய்யும் வசதி ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன லாக் இல்லாத ஈசியூவை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். லேப்டாப் இல்லாமல் ஓட்டும்போது வந்த கோளாறைப் பிறகு கண்டுபிடிக்க வேறு வழியே கிடையாது.

சந்தையில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, நாமே கற்றுக்கொண்டு கட்டும் உலகம். புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ இருவரும் 2001-ல் தொடங்கிய மெகாஸ்குவர்ட் இதற்குப் பாதை போட்டது. ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ போன்ற திறந்த மூலத் திட்டங்கள் பின்னால் வந்தன. இவற்றில் ஏன், எப்படி என்று எல்லாம் திறந்து கிடக்கும். படிக்கப் பொறுமை இருந்தால் இன்ஜினைப் பற்றி இதைவிட நன்றாகக் கற்க இடமில்லை. மற்றொன்று, ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க், சுவீடனின் மேக்ஸ்ஈசியூ, போலந்தின் ஈசியூமாஸ்டர் போன்ற தயாரிப்புகள். வன்பொருள் உறுதியானது, பாதுகாப்பு வசதிகள் அதிகம், டியூனர்களுக்குப் பழக்கமானவை.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: டியூன் செய்யப்போவது யார்? வேறொருவர் என்றால் அவரிடமே முதலில் கேட்டு, அவர் தினமும் திறக்கும் மென்பொருள் எதுவோ அதையே வாங்குங்கள். அவருக்குப் பத்து வருடம் பழகிய சாதாரண ஈசியூ, அவர் முதல்முறை பார்க்கும் உயர்தர ஈசியூவைவிட உங்கள் இன்ஜினுக்கு நல்லது.

## இன்ஜெக்டர் அளவு

டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு ஹெச்பிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.3 சிசி, டர்போ இல்லாததற்கு 5.25 சிசி என்று கணக்கு வைக்கலாம். 250 ஹெச்பி டர்போவுக்கு 1575 சிசி. நாலாக வகுத்தால் 394. இன்ஜெக்டர் 80 சதவீத டியூட்டிக்கு (திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) மேல் போகக்கூடாது என்பதால் 0.8-ஆல் வகுக்க, 492. ஆக 500 சிசி அளவு பொருந்தும். எதிர்காலத்துக்கு இருக்கட்டும் என்று மிகப் பெரிதாகப் போட்டால் ஐடில் சரிசெய்வது கடினமாகும். எத்தனால் கலவைக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் கூடுதலாக எடுங்கள். இ85-க்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அளவு எரிபொருள் வேண்டும்.

மல்டிமீட்டரில் இன்ஜெக்டரின் ஓம் பாருங்கள். 12 ஓம் அல்லது அதற்கு மேல் என்றால் நேராக இணைக்கலாம். 2, 3 ஓம் காட்டினால் அதற்கு ஏற்ற டிரைவரோ ரெசிஸ்டர் பேக்கோ இல்லாமல் இணைத்தால் ஈசியூவின் டிரைவர் எரிந்துவிடும்.

## இன்ஜின் ஆரோக்கியம்

கம்ப்ரஷன் பாருங்கள். இன்டேக்கில் காற்று கசிகிறதா, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிகிறதா என்று பாருங்கள். பிளக் புதிது போடுங்கள். பூஸ்ட் இருந்தால் பிளக் இடைவெளியைக் குறையுங்கள். பெட்ரோல் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றினால் வழக்கமாக 3 பார் காட்ட வேண்டும். மாட்டியபின், ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தம் 35 கிலோபாஸ்கல் இருக்கும் இன்ஜினில், பெட்ரோல் அழுத்தம் ஏறத்தாழ 2.35 பாருக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ரெகுலேட்டரோ ஹோஸோ வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யாமல் மேப்பில் கைவைக்காதீர்கள்.

## வயரிங்

எர்த் விஷயத்தில் ஒரே விதி: பவர் எர்த் எல்லாம் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில் சேர வேண்டும், சென்சார் எர்த் எல்லாம் ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே திரும்பிப் போக வேண்டும். சென்சார் எர்த்தைப் பக்கத்தில் இருக்கும் பாடி போல்ட்டில் முடுக்கினால், ஃபேன் ஓடும்போதெல்லாம் கூலண்ட் வெப்பநிலை சில டிகிரி குதிக்கும். கூடவே பெட்ரோல் அளவும் மாறும்.

கிராங்க் சென்சார் வயர் ஷீல்டு போட்டதாக இருக்க வேண்டும். காயில் வயர்களோடு சேர்த்துக் கட்டக்கூடாது. ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். காயிலுக்குள் இக்னைட்டர் (காயிலின் மின்சாரத்தை இயக்கி நிறுத்தும் சுற்று) இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் இணைக்க வேண்டும். சிக்னல் திசையைத் தலைகீழாக அமைத்தால், சாவி போட்டவுடனே காயில் தொடர்ந்து மின்சாரம் இழுத்து, சில நொடிகளில் சூடேறிச் சாகும். நான் முதல்முறை சாவி போடும்போது காயில் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிடுவேன். மென்பொருளில் டெஸ்ட் மோடில் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் தனியாகத் தட்டி, "டக் டக்" சத்தம் சரியான சிலிண்டரில்தான் வருகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பேன்.

## சென்சார்களும் டெட் டைமும்

இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது மூன்றைச் சரிபார்க்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலண்டும் உள்ளே வரும் காற்றும் ஒரே வெப்பநிலை காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒன்றின் கேலிபிரேஷன் தப்பு. மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும், கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் அளவு. த்ராட்டில் மூடியபோது 0, முழுக்க மிதித்தபோது 100.

இன்ஜெக்டர் டெட் டைம் என்பதைப் பலர் மேலோட்டமாகப் பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மின்சாரம் கொடுத்தவுடன் இன்ஜெக்டர் திறந்துவிடாது. திறக்க ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி எடுக்கும். அந்த நேரத்தில் பெட்ரோல் வராது. பேட்டரி வோல்டேஜ் குறையக் குறைய இந்த நேரம் நீளும். ஐடிலில் மொத்தப் பல்ஸ் 2.5 மில்லிவினாடி, டெட் டைம் 1 என்றால், உண்மையில் பெட்ரோல் தெளிப்பது 1.5 மில்லிவினாடி. நீங்கள் உள்ளே கொடுத்த டெட் டைம் 0.2 தப்பாக இருந்தால் ஐடிலில் 13 சதவீதப் பிழை. அதே 0.2, 12 மில்லிவினாடிப் பல்ஸில் 2 சதவீதம்கூட வராது. அதனால்தான் முழு த்ராட்டிலில் அருமையாக ஓடும் வண்டி, ஐடிலில் ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டவுடன் திணறும். இதை விஇ டேபிளில் (சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்று சொல்லும் அட்டவணை, பின்னால் வருகிறது) ஒட்டுப்போட்டு மறைக்க முடியாது. பகலில் சரியாகி இரவில் மறுபடி வரும். வோல்டேஜ் வாரியான டெட் டைம் அட்டவணை தருகிற இன்ஜெக்டரை மட்டும் வாங்குங்கள். எந்த பெட்ரோல் அழுத்தத்தில் எடுத்த அட்டவணை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## டைமிங் லைட்

இந்தப் படியைத் தாண்டிப்போவதுதான் நான் பார்த்ததிலேயே மிக ஆபத்தான தவறு. திரையில் 10 டிகிரி என்று காட்டுவது ஈசியூவின் நம்பிக்கை மட்டுமே. கிராங்க் புல்லியில் நிஜமாக எத்தனை என்பதை டைமிங் லைட்தான் சொல்லும்.

இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி, மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, செல்ஃப் அடித்துப் பாருங்கள். புல்லிக் குறி 10-க்கு அருகில் வரும்வரை ட்ரிக்கர் கோணத்தை (கிராங்க் சக்கரத்தின் பல் குறிக்கும் பிஸ்டன் உச்சிக்கும் இடையிலான கோணம்) திருத்துங்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும், பூட்டை எடுக்காமலேயே ஐடிலில் மறுபடி துல்லியமாகத் திருத்துங்கள். பிறகு 4000 ஆர்பிஎம் வரை ரேஸ் பண்ணி, குறி அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குச் சேர்ந்து ஸ்பார்க் கொடுக்கும் அமைப்பில், டயல் திருப்பும் வகை டைமிங் லைட் தப்பாகக் காட்டக்கூடும். டயலைப் பூஜ்யத்தில் வைத்து, புல்லியிலேயே 10 டிகிரிக்குக் குறி போட்டுக்கொள்வது நல்லது.

நான் வயரிங் செய்த ஒரு நாலு சிலிண்டர் இன்ஜினில் ஐடிலில் குறி 10-ல் கல்லாட்டம் நின்றது. 2000-ல் லேசாக நகர்ந்தது. 4000-ல் 4 டிகிரி தள்ளி நின்றது, 5000 தாண்டினால் ட்ரிக்கர் சிக்னலே அறுந்து அறுந்து வந்தது. இரண்டு மாலைகள் மென்பொருளிலேயே தேடினேன். காரணம் காந்த வகை கிராங்க் சென்சாரின் இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தது. அந்த வகை சென்சாரில் பல் நேர் எதிரே வரும்போது அலை செங்குத்தாகப் பூஜ்யத்தைக் கடக்கும். ஈசியூ அந்தச் செங்குத்தான இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். வயர் மாறினால் அது சரிவான பக்கத்தைப் பிடிக்கும். வேகம் கூடக்கூட அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டே போகும். இரண்டு வயரையும் மாற்றி, ட்ரிக்கர் கோணத்தை மறுபடி அமைத்தபின் 6000 வரை குறி அசையவில்லை. அன்றைக்கு டைமிங் லைட்டை ஐடிலோடு அணைத்திருந்தால், அந்த இன்ஜின் அடுத்த வாரம் பூஸ்டில் 4 டிகிரி தப்பான டைமிங்கோடு ஓடியிருக்கும்.

சிறிய, சீரான நகர்வு மட்டும் இருந்தால் அது சிக்னல் தாமதம். பல மென்பொருள்களில் அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது, மைக்ரோவினாடியில் கொடுக்கலாம்.

## முதல் ஸ்டார்ட்

செல்ஃப் அடிக்கும்போதான பெட்ரோல் அளவைக் குறைவாகத் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். அதிகமாகக் கொடுத்து பிளக் நனைந்துவிட்டால் அன்றைய நாள் போச்சு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பெட்ரோலை நிறுத்தும் வசதியை முதலிலேயே இயக்கி வையுங்கள். ஓடியதும் ஆயில் அழுத்தம், பெட்ரோல் கசிவு இரண்டையும் பார்த்துவிட்டு, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும்வரை காத்திருங்கள். குளிர்ந்த இன்ஜினில் விஇ டேபிளைத் தொடக்கூடாது.

## விஇ டேபிள்

ஸ்பீடு டென்சிட்டி முறையில் ஈசியூ, மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் காற்று வெப்பநிலையையும் வைத்து சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போயிருக்கும் என்று கணக்கிடுகிறது. அந்த ஆர்பிஎம்மில், அந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்ற சதவீதம்தான் டேபிளின் ஒவ்வொரு கட்டமும். பெரிய கேமும் சிலிண்டருக்கு ஒரு த்ராட்டிலும் இருக்கும் இன்ஜினில் ஐடில் வேக்கம் குலுங்கும். அங்கே அழுத்தத்துக்குப் பதிலாக த்ராட்டில் கோணத்தை வைத்து டியூன் செய்வது நல்லது.

அளக்கப் போஷ் எல்எஸ்யூ 4.9 போன்ற வைட்பேண்ட் சென்சார் கட்டாயம். லாம்ப்டா 1 என்றால் காற்றும் எரிபொருளும் சரியான விகிதம்; அதற்கு மேல் லீன் (எரிபொருள் குறைவு), கீழே ரிச் (எரிபொருள் அதிகம்). கம்பெனி நேரோபேண்ட் சென்சார் லாம்ப்டா 1-க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். நான் ஏஎஃப்ஆர் (காற்று-எரிபொருள் விகிதம்) எண்ணை விட்டு லாம்ப்டாவிலேயே யோசிக்கச் சொல்வேன். பெட்ரோலுக்கு 14.7, இ85-க்கு 9.8 என்று எரிபொருள் மாறினால் ஏஎஃப்ஆர் மாறும், லாம்ப்டா மாறாது. பெட்ரோலில் ஐடிலுக்கும் சீராக ஓட்டுவதற்கும் 0.97 முதல் 1.0, டர்போ இல்லாத இன்ஜினில் முழு த்ராட்டிலுக்கு 0.86 முதல் 0.90, பூஸ்டில் 0.78 முதல் 0.82 என்று தொடங்கலாம்.

தொடங்குமுன் மூன்றை அணையுங்கள்: லாம்ப்டா குளோஸ்டு லூப் (சென்சாரைப் பார்த்து ஈசியூ தானே பெட்ரோலைத் திருத்துவது), ஆக்சிலரேஷன் கூடுதல் பெட்ரோல், வேகம் குறையும்போதான பெட்ரோல் நிறுத்தம். இவை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பார்க்கும் லாம்ப்டா விஇ டேபிளின் முடிவாக இருக்காது.

இனி கணக்கு எளிது. ஒரு கட்டத்தில் இன்ஜினை நிலையாகப் பிடித்து, இருக்கும் எண்ணை அளந்த லாம்ப்டாவால் பெருக்கி, வேண்டிய லாம்ப்டாவால் வகுங்கள். விஇ 62, அளந்தது 0.97, வேண்டியது 0.92 என்றால் 62 × 0.97 ÷ 0.92 = 65.4. கட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். கட்டங்களுக்கு நடுவில் நின்றால் சுற்றியுள்ள நாலு எண்களும் கலந்துதான் வெளியே வரும். எக்ஸாஸ்ட் புகை ஆக்சிஜன் சென்சாரை அடைய நேரம் எடுக்கும், ஐடிலில் இந்தத் தாமதம் அதிகம். எண் நிலைத்தபின் திருத்துங்கள்.

டைனோவில் (வண்டியை நிறுத்திவைத்தே லோடு கொடுத்து சக்தியை அளக்கும் இயந்திரம்) செய்தால் இது ஒருநாள் வேலை. சாலையில் செய்வதானால் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் லேப்டாப்பில் இருக்க வேண்டும். தனியாக ஓட்டிக்கொண்டே திருத்துவதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். லாக் எடுத்து, நிறுத்திவிட்டுத் திருத்துங்கள். முழு த்ராட்டில் ஓட்டத்தை மூடிய தடத்துக்கோ டைனோவுக்கோ விட்டுவிடுங்கள்.

மென்பொருளின் ஆட்டோ டியூன் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதைக் கண்மூடி நம்பக் கூடாது. மிஸ்ஃபயர் ஆன சிலிண்டரில் பெட்ரோலோடு சேர்ந்து ஆக்சிஜனும் எரியாமல் வெளியே வரும். சென்சார் ஆக்சிஜனைத்தான் பார்க்கும், அதனால் லீன் என்று காட்டும். ஆட்டோ டியூன் மேலும் பெட்ரோலைக் கூட்டும், பிளக் மேலும் நனையும், லாம்ப்டா மேலும் லீன் காட்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தாலும் இதே கதை. அதனால் ஆட்டோ டியூன் ஒரு கட்டத்தை 10 சதவீதத்துக்கு மேல் மாற்றியிருந்தால், நான் முதலில் லாக்கைத் திறந்து காரணம் தேடுவேன்.

முடிந்தபின் டேபிளை முப்பரிமாணப் படமாகப் பாருங்கள். மலைச்சரிவு போல இருக்க வேண்டும். நடுவில் தனியாக ஒரு முள்ளோ குழியோ இருந்தால், இன்ஜின் அப்படி மூச்சு விடாது; அது அளவீட்டுப் பிழை. எட்ட முடியாத கட்டங்களைப் பக்கத்துக் கட்டங்களின் சரிவைத் தொடர்ந்து நிரப்புங்கள், கொஞ்சம் ரிச் பக்கமாக.

டர்போ இன்ஜினில் வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வ்) ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்டிலேயே முழு டேபிளையும் முடியுங்கள். பூஸ்ட் சாலினாய்டை இணைப்பது அதற்குப் பிறகு.

## இக்னிஷன் டைமிங்

பெட்ரோலில் ரிச் பக்கம் 5 சதவீதப் பிழை மைலேஜைக் குறைக்கும். டைமிங்கில் 5 டிகிரி கூடுதல் இன்ஜினையே உடைக்கும். எனவே இங்கே வேகம் வேண்டாம்.

தேடுவது, அதிக டார்க் தரும் மிகக் குறைந்த அட்வான்ஸை (ஸ்பார்க்கை முன்னால் தள்ளும் அளவு). டைனோவில் ஒரு கட்டத்தில் நிலையாகப் பிடித்து, பாதுகாப்பான குறைந்த அட்வான்ஸில் தொடங்கி, 2 டிகிரி வீதம் கூட்டுங்கள். முதலில் டார்க் நன்றாக ஏறும், பிறகு ஏற்றம் சுருங்கும், பிறகு சமதளம். சமதளம் தொடங்கும் இடத்தில் நின்று, அதற்குச் சற்று முன்னால் இறங்கிவிடுங்கள். கடைசி 2 டிகிரியில் கிடைக்கும் சக்தி கையில் உணரக்கூட முடியாது, சிலிண்டர் அழுத்தம் மட்டும் ஏறும். அதிக லோடில், பூஸ்டில், அந்தச் சமதளம் வருமுன்பே நாக்கிங் வந்துவிடும். அங்கே எல்லை நாக்கிங்தான். டைனோ இல்லாதவர்கள் அதிக லோடுப் பகுதியில் அட்வான்ஸைக் கூட்டிப் பார்க்கவே வேண்டாம். அதே இன்ஜினுக்குக் கம்பெனி கொடுத்த எண்களை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நில்லுங்கள்.

நாக் சென்சாரை எந்த அதிர்வெண்ணில் கேட்பது? 1800-ஐ பை, மில்லிமீட்டரில் சிலிண்டர் விட்டம் இரண்டாலும் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் தோராயமாக வரும். 86 மில்லிமீட்டருக்கு 6.7. அதன் இரு மடங்கிலும் கேட்கலாம், வால்வ் சத்தம் குறைவாகக் கலக்கும். பிளாக்கில் செம்புக் குழாய் பொருத்தி ஹெட்ஃபோனில் காதாலேயே கேட்கும் டியூனர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாத்திரத்தில் கூழாங்கல் போட்டு உலுக்கியது போன்ற அந்தச் சத்தத்தை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் மறக்காது. திரையில் வரும் நாக் எண்ணை அந்தச் சத்தத்தோடு பொருத்திப் பார்த்தபின்தான் எல்லைக்கோட்டை அமைக்க வேண்டும்.

உள்ளே வரும் காற்று சூடானால் டைமிங்கைக் குறைக்கும் திருத்தத்தையும் கையோடு போடுங்கள். டைனோவில் பெரிய ஃபேன் முன்னால் ஓடும். வெயிலில் டிராஃபிக்கில் நின்ற வண்டியின் இன்டர்கூலருக்கு அந்த வசதி இல்லை.

## பூட்டு போட வேண்டியவை

பூஸ்ட் எல்லை மீறினால் கட், அதாவது ஈசியூ பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்த வேண்டும். லோடில் லாம்ப்டா இலக்கைவிட 0.08 அளவு லீன் ஆகி, அரை நொடி நீடித்தால் கட். ஆர்பிஎம்முக்கு ஏற்ற குறைந்தபட்ச ஆயில் அழுத்தம், பெட்ரோல் அழுத்த வித்தியாசம், கூலண்ட் வெப்பநிலை, ரெவ் லிமிட். இவற்றை அமைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் ஐடிலில் எல்லையைத் தற்காலிகமாக மாற்றி, உண்மையாகவே கட் ஆகிறதா என்று பாருங்கள்.

## ஆக்சிலரேட்டர், ஐடில், குளிர் ஸ்டார்ட்

ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் பெட்ரோலில் ஒரு பகுதி போர்ட் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியில் சிலிண்டர் லீன் ஆகி வண்டி தயங்கும். கூடுதல் பெட்ரோல் அதற்காகத்தான். விஇ டேபிள் சரியான பிறகு இதைத் தொடுங்கள். மிதித்தவுடன் லாம்ப்டா உயர்ந்து விழுந்தால் அளவைக் கூட்டுங்கள், மிதித்தபின் சற்றுத் தாமதமாக ரிச் பக்கம் போனால் நேரத்தைக் குறையுங்கள்.

ஐடிலுக்கு முதலில் வால்வை மூடி, த்ராட்டில் நிறுத்தத்தை வைத்து அடிப்படைக் காற்றை அமைத்துவிட்டு, பிறகு வால்வுக்கு விடுங்கள். ஐடில் டைமிங்கை முழு அளவில் வைக்காமல் 12, 15 டிகிரியில் வைத்தால், ஏசி போட்டு ஆர்பிஎம் விழும்போது டைமிங்கைக் கூட்டித் தாங்க இடம் இருக்கும். டைமிங் உடனே வேலை செய்யும், காற்று வால்வு மெதுவாகத்தான் வரும். இரண்டும் சேர்ந்தால்தான் ஐடில் அசையாமல் நிற்கும்.

குளிர் ஸ்டார்ட்டுக்கு ஒரு நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். காலையில் முதல் செல்ஃப், லாக், ஒரே ஒரு திருத்தம், அவ்வளவுதான். மறுநாள் காலை மறுபடி. சூடேறும்போது 10 டிகிரிக்கு ஒரு புள்ளி வீதம் கூடுதல் பெட்ரோலைத் திருத்தி வாருங்கள், இயங்கு வெப்பநிலையில் அது 100 சதவீதத்தில், அதாவது கூடுதல் எதுவும் இல்லாத நிலையில் முடிய வேண்டும். ஒவ்வொரு நாளும் கோப்பைத் தேதியிட்டுப் புதிய பெயரில் சேமியுங்கள். அந்தக் காலை கூலண்ட் எத்தனை டிகிரி, எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பருவம் மாறி முதல் குளிர்நாள் வரும்போது, அந்த வரிகளைப் பார்த்துத்தான் அடுத்த புள்ளியைத் திருத்துவீர்கள்.